நடுவில் நின்ற கத்தி

இக்குறிப்பை எழுதும் கட்டாயம் ஒரு மாம்பழத் துண்டால் நேர்ந்தது. சென்ற ஆடிப் பதினெட்டன்று சேலத்தில் நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில் அமர்ந்திருந்தேன். எனக்கு இரண்டு இலை தள்ளி, ஓய்வுபெற்ற புகைவண்டி நிலைய எழுத்தர் ஒருவர் பழத்தைச் சுவைத்தவாறே பேசத் தொடங்கினார்.

"இந்த மரம் பொழச்சதே ஒரு பேனாக்கத்தியாலதானுங்க. மடக்கினா பிளேடு அத்தனை சென்டரா நிக்கும். கோணக் கத்தியா இருந்திருந்தா இந்தப் பழம் இன்னிக்கு எலையில ஏதுங்க?"

பந்தியில் இருந்தோர் தலையசைத்தனர். ஒருவர் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

அந்த மரம் என் தமக்கையுடையது. அந்தக் கத்தி அவர் கணவருடையது. அக்கத்தி எதையும் பிழைப்பிக்கவில்லை. பிழைத்திருக்க வேண்டியவற்றையும் கெடுத்தது. நடந்ததை முழுதும் அறிந்தோர் மூவர். தமக்கையும் அம்மரத்துக்கு ஒட்டுக் கட்டியவரும் மறைந்துவிட்டனர். எஞ்சியவன் நான். அன்று பந்தியில் நான் வாய் திறக்கவில்லை. வாயில் பழம் இருந்தது என்பது பொருந்தாத சாக்கு. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு நான் சேலத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். சூரமங்கலத்தில் குடியிருப்பு. அங்கே தாளும் மையும் விற்கும் கடை ஒன்றின் முன்னால் ஒரு நீண்ட பலகை கிடந்தது. மாலை தோறும் புகைவண்டித் துறைச் சம்பளக்காரர் ஐவரோ அறுவரோ அதில் அமர்வர். அவர்களுடைய ஆராய்ச்சிப் பொருள் மடக்குக்கத்தி. கத்தியைத் திறந்து கூர் பார்ப்பவர் அவர்களுள் எவருமில்லை. மடக்கிய நிலையிலேயே வானத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, கைப்பிடியின் இரு சுவர்களுக்கு இடையே அலகு நட்ட நடுவில் கிடக்கிறதா என்று நோக்குவர். பிறகு ஓர் அஞ்சலட்டையை எடுத்து அலகுக்கும் சுவருக்கும் இடையே செலுத்துவர். இரு புறமும் ஒரே எளிமையோடு அட்டை நுழைந்தால் கத்தி உயர்குலத்தது. ஒரு புறம் தடைப்பட்டால் அக்கத்தியின் உரிமையாளர் அன்று மாலை முழுதும் தலைகுனிந்து அமர்ந்திருக்க வேண்டும்.

அக்கத்திகளால் அவர்கள் எதை வெட்டினர் என்று யாரும் கேட்டதில்லை. பாக்கு சீவலாகவே கடையிலிருந்து வந்தது. நகத்தை நாவிதர் வெட்டினார். எழுதுகோலைக்கூட அலுவலகப் பணியாளே சீவிக் கொடுத்தார். எதையும் வெட்டாத கத்திக்கு நடுநிலை தவிர வேறு என்ன சிறப்பைத் தேட முடியும்? ஒன்றை மட்டும் நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். அலகு சாய்ந்து சுவரின் உலோகத்தையே உரசுமானால், மடக்கும் போதெல்லாம் கூர் மழுங்கும். அந்த ஒரு நிலையில் சாய்வு குற்றமே. ஆனால் உரசலை அறியக் கூரைப் பார்க்க வேண்டும். கூரைப் பார்ப்பது அப்பலகையின் வழக்கமன்று.

அப்பலகையின் தலைவர் என் தமக்கையின் கணவர். புகைவண்டி நிலையத்தில் பொதிகளைப் பெற்று அனுப்பும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. வந்து இறங்கும் ஒவ்வொரு கூடையையும் சுற்றி வந்து, எங்கே நசுங்கியுள்ளது என்று ஏட்டில் குறிப்பது அவர் கடமை. நாளடைவில் உலகம் முழுதுமே அவருக்கு நசுங்கி வந்த கூடையாகத் தோன்றலாயிற்று. அவரிடம் மான்கொம்புப் பிடியுள்ள சீமைக் கத்தி ஒன்று இருந்தது. அதைக் கம்பளித் துணிப் பையில் இட்டு மார்போடு வைத்திருப்பார். குழந்தையைக் கூட அவர் அத்தனை கருத்தாகத் தூக்கி நான் கண்டதில்லை.

தமக்கை அவரோடு நகரில் வாழவில்லை. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே பேருந்துச் சாலையை விட்டு ஒரு கல் தொலைவில் அவர்களுடைய தோட்டம் இருந்தது. கிணறும் மாடுகளும் தமக்கையின் பொறுப்பு. கணவர் ஞாயிறு தோறும் வந்து குற்றங் கண்டுவிட்டுத் திரும்புவார்.

தோட்டத்தின் கிழக்கு வேலியோரம் ஒரு மாமரம் நின்றது. தமக்கை மணமாகி வந்த ஆண்டில் வீசிய கொட்டையில் தானாக முளைத்தது. சேலத்து மாம்பழங்கள் எல்லாம் ஓய்ந்து, சந்தையில் கூடைகள் கவிழ்ந்து கிடக்கும் ஆடியில்தான் அது பழுக்கும். தோல் கடைசி வரை பச்சையாகவே இருக்கும், உள்ளே செம்மஞ்சள். அத்தகைய மரம் சுற்றுவட்டத்தில் வேறு இல்லை. அம்மரத்தை வண்டு துளைத்தது. நாங்கள் உணர்வதற்குள் அடிமரம் உள்ளே பொடியாகிவிட்டது. ஓராண்டில் கொம்புகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து, கிழக்கே ஒரே ஒரு கொம்பு மட்டும் இலையோடு நின்றது. கொட்டையிலிருந்து வேறு கன்று எழுப்பிப் பார்த்தாயிற்று. அவை தாயின் பழத்தைத் தரவில்லை. அந்தக் கொம்பு காய்வதற்குள் ஒட்டுக் கட்டினாலன்றி அப்பழம் உலகில் இராது.

ஆவணியில் பள்ளிக்கு நான்கு நாள் விடுமுறை. நானும் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். தமக்கை முன்னமே பதினெட்டு மாங்கன்றுகளைச் சட்டியில் வளர்த்து, கொம்பின் உயரத்துக்குப் பரண் கட்டி, அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார். கன்றின் தண்டிலும் தாய்க்கொம்பின் சிறு கிளையிலும் நான்கு விரல் நீளம் சீவி, இரு வெட்டுமுகங்களையும் சேர்த்து, வாழைநாரால் இறுக்கி, மேலே சாணமும் களிமண்ணும் பூசுவது முறை. இரு முகங்களும் பலகை போல் தட்டையாக இருந்து, இடையில் காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும். பொருந்தினால் மூன்று திங்களில் ஒன்றாகும். பொருந்தாவிடில் இரண்டும் தனித்தனியே காயும்.

ஒட்டுக் கட்டுபவர் ஞாயிறு காலை வந்தார். ஐம்பது வயது இருக்கும். கொம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "பால் ஓட்டம் இன்னும் ரெண்டு மூணு நாளைக்குத்தானுங்க அம்மிணி. இன்னிக்கே ஆரம்பிச்சரலாமுங்க" என்று தமக்கையிடம் சொல்லி, மடியிலிருந்து கத்தியை எடுத்தார். பழைய மடக்குக்கத்தி. மரப்பிடி விரல்பட்டுக் கறுத்திருந்தது.

"அதை இப்படிக் குடு" என்றார் தமக்கையின் கணவர்.

வாங்கியவர் திறக்கவில்லை. வானத்துக்கு எதிரே பிடித்தார். ஒரு கண் மூடியது. சட்டைப் பையிலிருந்து அஞ்சலட்டை வெளிவந்தது. ஒரு புறம் அட்டையை மூன்றாக மடித்தாலும் நுழையும் போலிருந்தது. மறுபுறம் நுனிகூடச் செல்லவில்லை.

"ஏப்பா, இது கத்தியா, கால் ஒடிஞ்ச கட்டிலா? ஒரே பக்கமாச் சாஞ்சு படுத்திருக்குது."

"அது அப்படித்தானுங்க சாமி இருக்கோணும். ஒட்டுக்கத்திய ஒரு பக்கமாத்தானுங்க தீட்டறது. அந்தப் பக்கம் தேஞ்சு ஒல்லியாப் போச்சுங்க. இந்தப் பக்கம் மட்டமா நிக்குது பாருங்க."

"தன் ஊட்டுக்குள்ளயே நடுவுல நிக்கத் தெரியாத கத்தி, மரத்துல போயி நேரா வெட்டுமாக்கும்."

தமக்கை மாட்டுக் கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏனுங்க, அந்தக் கத்தியில அந்த மனுசன் ஊரெல்லாம் ஒட்டுக் கட்டியிருக்கறாரு. உங்க கத்தியில நீங்க என்னத்த வெட்டினீங்க?"

"உனக்கென்ன தெரியும்? சூரமங்கலத்துல வந்து கேட்டுப் பாரு."

"சூரமங்கலத்துல மாமரம் எங்கீங்க இருக்குது? தண்டவாளந்தான் இருக்குது."

அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நீ படிச்சவன். ராசிபுரம் போயி இதைக் கொல்லன்கிட்டக் குடுத்து நடுவுக்குக் கொண்டாந்துரு."

நான் மறுக்கவில்லை. தமக்கை கணவரின் சொல்லைத் தட்டலாகாது என்பது ஒரு காரணம். அஞ்சலட்டையின் தீர்ப்பில் எனக்கும் பாதி நம்பிக்கை இருந்தது என்பது உண்மையான காரணம். கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றுவதே ஒழுங்கு என்று எண்ணும் பேதைமை பலகைக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒட்டுக்காரர் வெறுங்கையோடு வேலிப் படல் வரை என்னுடன் நடந்து வந்து, "நெருப்புக் காட்ட வேண்டாம்னு சொல்லுங்க சாமி" என்றார்.

கொல்லரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நெருப்புக் காட்டாம இரும்பு எப்படிங்க வளையும்?"

எனக்கு அது சரியான வாதமாகப் பட்டது. வகுப்பில் மாணவரை மடக்கும் வினாவைப் போல் இருந்ததால் அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. அவர் அலகை உலையில் காட்டி, பட்டடையில் வைத்து முழு நீளமும் தட்டி நிமிர்த்தினார். ஆறிய பின் அலகில் மயில்கழுத்துப் போல ஒரு நீலம் படர்ந்திருந்தது. அழகென்று எண்ணி மகிழ்ந்தேன். இரும்பின் பதம் வெளியேறிய தடம் அது என்பதை அறியாத அறிவிலியாக, கைக்குட்டையில் பொதிந்து மறுநாள் காலை கொண்டுவந்து சேர்த்தேன். ஒரு நாள் வீணாகியிருந்தது. கணவர் விடுப்பெடுத்துத் தங்கிவிட்டார்.

அஞ்சலட்டை இரு புறமும் நுழைந்தது. "இப்பச் சொல்லு" என்று கத்தியை நீட்டினார்.

ஒட்டுக்காரர் ஒரு பயனற்ற சுள்ளியை எடுத்து ஒரே இழுப்பில் சீவினார். வெட்டுமுகத்தைக் கண்ணருகே கொண்டு சென்று பார்த்தார். கட்டைவிரல் நகத்தில் கூரை வைத்துப் பார்த்தார். பின் மெல்ல மடக்கி மடியில் செருகிக்கொண்டார்.

"நல்லா நடுவுல நிக்குதுங்க சாமி" என்றார்.

கணவர் அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டார். "அப்புறம் ஏன் மடியில வெச்சுக்கற?"

"இனி இது வெட்டாதுங்க."

அதற்குப் பின் நடந்ததை எழுத எனக்கே கூசுகிறது. அம்மனிதர் மார்பிலிருந்து கம்பளிப் பையை எடுத்து, மான்கொம்புக் கத்தியை வெளியே உருவி, கொடை வள்ளலைப் போல நீட்டினார். ஒட்டுக்காரர் தயங்கினார். "ஒருக்காக் கல்லுல தீட்டிக்கறனுங்க சாமி."

"சீமைக் கத்திக்குக் கல்லா? கீறல் உளுந்துரும். அப்படியே வெட்டு."

அப்படியே வெட்டினார். பகல் முழுதும் பரணில் நின்று பன்னிரண்டு ஒட்டுகள். கீழே நின்றவர் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தியை இறக்கச் சொல்லி, பால் பட்ட இடத்தைத் துடைத்து, மடக்கி, நடு மாறிவிட்டதா என்று நோக்கித் திருப்பிக் கொடுத்தார். மரம் சாகின்றது, மனிதர் கத்தியைத் துடைக்கின்றார். மாலையில் பணிக்குத் திரும்பும் நேரம் வந்ததும் கத்தியைப் பையிலிட்டுக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் ஒட்டுக்காரர் கடைசியாகக் கட்டிய கட்டை அவிழ்த்துத் தமக்கையிடம் காட்டினார்.

"அம்மிணி, இது சேராதுங்க. பாருங்க, வெட்டின மாதிரியா இருக்குது? நசுக்கின மாதிரி இருக்குது. ரெண்டு பக்கமும் சரிஞ்ச கத்தி குழி பறிக்குமுங்க. நடுவுல காத்து நிக்குது."

"இதை முன்னயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்க. கேட்டது உங்க காது ஒண்ணுதானுங்க."

தமக்கை பரணை நோக்கினார். வெட்டப்படாத கன்றுகள் ஆறு இருந்தன. "உங்க கத்தியத் தீட்டிப் பாத்தா ஆகாதா?"

அவர் தம் கத்தியைத் திறந்து சுள்ளியில் இருமுறை இழுத்துக் காட்டினார். கூர் ஈயத்தகடு போல மடங்கிக்கொண்டது. தட்டையாக இருந்த முகமும் இப்போது வளைந்திருந்தது. அந்த நீலத்தின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் தரையைப் பார்த்தேன். ஒட்டுக்காரர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்று கிணற்றடியில் தோல் தைப்பவர் ஒருவர் நீரிறைக்கும் தோற்பறியைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தார். ஒட்டுக்காரரின் கண் அங்கே சென்றது. "அவங்க கத்தி ஒரு பக்கம் மட்டம், ஒரு பக்கம் சரிவுங்க" என்றார் தாழ்ந்த குரலில். மேற்கொண்டு சொல்ல அவருக்கு அச்சம். தோலறுக்கும் கத்தி பழமரத்தில் படலாமா என்பது அந்நாளில் பெரிய கேள்வி.

தமக்கைக்கு அது கேள்வியாகவே படவில்லை. தாமே கிணற்றடிக்கு நடந்தார். "ஏப்பா, அந்தக் கத்தியக் கொஞ்சம் குடு."

"இது தோலறுக்கறதுங்க ஆத்தா."

"தெரியும். நல்லா அறுக்குமில்ல?"

"அதெல்லாம் அறுக்குமுங்க."

"அப்ப நீயும் வா. தீட்டிக் குடுக்க ஆள் வேணும்."

அக்கத்திக்கு மடிப்பில்லை, ஆகவே நடுவுமில்லை. பிடிக்குப் பதில் துணி சுற்றியிருந்தது. தோல் தைப்பவர் பரணின் அடியில் அமர்ந்து, இரண்டு வெட்டுக்கு ஒருமுறை கல்லில் இழுத்து மேலே நீட்டினார். சீவல் சுருண்டு விழுந்தது. நான் ஒரு சீவலைப் பொறுக்கிப் பார்த்தேன். ஈரம் ஒரே சீராக மின்னியது. வாழைநார் தீர்ந்துபோயிற்று. தோல் தைப்பவர் தம் பையிலிருந்து கற்றாழை நாரை எடுத்துக் கொடுத்தார். அந்தி மங்குவதற்குள் ஆறு ஒட்டும் முடிந்தன. பதினெட்டின் மேலும் ஒரே களிமண் பூசப்பட்டது.

அடுத்த ஞாயிறு கணவர் வந்தார். வரும் வழியிலேயே யாரோ சொல்லியிருந்தனர். படலைத் தாண்டும் முன்பே குரல் வந்தது.

"தோல் வெட்டின கத்திய மரத்துல வெச்சியாமா?"

"வெச்சனுங்க."

"நாளைக்கு அந்தப் பழத்தை யாரு திங்கறது?"

"வாயிருக்கறவங்க திங்கறாங்க."

"அந்த ஆறு சட்டியையும் இறக்கி ஓடைப் பக்கம் வீசு. இப்பவே."

தமக்கை மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "வீசறனுங்க. எந்த ஆறுன்னுதான் தெரியல. நீங்களே பரண்ல ஏறி, கார்டு வெச்சுப் பாத்து, சென்டர்ல இல்லாத ஆறைக் காட்டுங்க."

அவர் பரணின் அடியில் போய் நின்றார். மேலே பதினெட்டுக் களிமண் உருண்டைகள் ஒன்றைப் போல் ஒன்று இருந்தன. ஒரு கண்ணை மூடியும் பார்த்தார் என்று சொன்னால் மிகையாகக் கொள்வீர்கள், ஆனால் பார்த்தார். பின்னர் மோர் குடித்தார். பேருந்துக்கு நேரமாயிற்று என்றார்.

ஐப்பசிக்குள் பெரும்பாலானவை கருகின. தாய்க்கொம்பும் இலை உதிர்க்கத் தொடங்கியது. மார்கழியில் நான் மீண்டும் சென்றபோது பச்சையாக நின்றவை மூன்று. ஒட்டுக்காரர் களிமண்ணை உடைத்தார். முதலாவதில் வாழைநார், மேலே பசுமை ஏமாற்றியிருந்தது, உள்ளே இரு தண்டும் தனித்தனியாகக் கறுத்திருந்தன. அடுத்த இரண்டிலும் கற்றாழை நார். நாரை நீக்கியபோது எது கன்று, எது தாய் என்று பிரித்தறிய முடியாதபடி ஒன்றியிருந்தன. தமக்கை அந்த நாரை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

அவ்விரண்டில் ஒன்றை அடுத்த கோடையில் ஆடு கடித்துவிட்டது. எஞ்சிய ஒன்று வளர்ந்து காய்த்தது. சேலத்தில் இன்று பலர் வீட்டில் நிற்கும் ஆடிப்பழ மரங்கள் எல்லாம் அந்த ஒன்றின் வழியில் வந்தவை.

முதற்பழம் பலகைக்கு வந்த நாளில் நானும் அங்கிருந்தேன். தமக்கையின் கணவர் மான்கொம்புக் கத்தியால், ஆம், அன்று தம் வாழ்நாளில் இரண்டாம் முறையாக அதைத் திறந்து, பழத்தைப் பிளந்தார். பிளந்தார் என்பதைவிடப் பிதுக்கினார் என்பதே பொருந்தும். "பிளேடு நடுவுல நின்னா ஒட்டும் நிக்கும்" என்றார். பலகை ஆமென்றது. நான் அன்றும் வாய் திறக்கவில்லை.

பிறகு தமக்கையிடம் கேட்டேன், ஏன் ஊருக்கு உண்மையைச் சொல்லவில்லை என்று. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், "அதுவும் இல்லைன்னா அவருக்கு என்னதான் இருக்குது கண்ணு? உடு" என்றார். இத்தனை கடுமையாக நான் ஒருவரையும் இகழ்ந்து பேசக் கேட்டதில்லை. தமக்கை அதை இரக்கமென்றே எண்ணியிருந்தார்.

மடக்குக்கத்தியின் அலகு நடுவில் நிற்க வேண்டுமா என்று இன்றும் கேட்போர் உளர். திறக்கப் போவதில்லையெனில் கட்டாயம் நிற்க வேண்டும். வேறு தகுதி அதற்கு எங்கிருந்து வரும்? திறந்து வெட்டப் போகிறவர், சுவரை உரசுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கூரைத் தீட்டுக.

முதுமையின் நினைவு இது. ஆதலின் பிழைகள் இருக்கும். முதலில் கட்டியவை பன்னிரண்டு என்றேன், பதின்மூன்றாகவும் இருக்கலாம். ஒட்டுக்காரரின் ஊர் ராசிபுரத்துக்குத் தெற்கு என்பதே என் நினைவு. தோல் தைப்பவரின் பெயரையும் ஊரையும் எங்கள் குடும்பத்தில் எவரும் கேட்டதில்லை. அவர் கத்தியால் விளைந்த பழத்தை இத்தனை ஆண்டுகள் உண்டும் நானும் கேட்கவில்லை. அவருடைய வழியினர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அந்த வெற்றிடத்தை நிரப்பித் தருமாறு வேண்டுகிறேன். நன்றியோடு திருத்திக்கொள்வேன். ஒட்டுக்காரரின் கத்தி இடப்புறம் சாய்ந்திருந்ததா, வலப்புறமா என்பதும் எனக்கு மறந்துவிட்டது. பலகையைச் சேர்ந்தோர் எவரேனும் உயிரோடிருந்தால், அதனை ஓர் அஞ்சலட்டையில் எழுதித் தெரிவிக்கலாம்.